படம் சுருங்கலாம், பொருள் சுருங்கலாகாது

ஸ்கேன் முடிந்து வெளியே வரும் குடும்பத்தினரின் கையில் இன்று மூன்று பொருள்கள் இருக்கின்றன: பெரிய உறைக்குள் பிலிம்கள், ஒரு குறுந்தகடு, தட்டச்சு செய்த அறிக்கை. வீடு சேர்வதற்குள் நான்காவதாக ஒன்றும் சேர்ந்துவிடுகிறது. அது, அந்தப் பிலிமைக் கைப்பேசியால் எடுத்த புகைப்படம். வெளியூரில் இருக்கும் மகனுக்கும், தெரிந்த மருத்துவருக்கும், இரண்டாம் கருத்து கேட்பதற்காக வேறொரு மருத்துவமனைக்கும் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த நான்காவது படமே.

அந்தப் படம் வழியில் பலமுறை சுருக்கப்படுகிறது. சுருக்கத்தில் எது போயிற்று, எது எஞ்சியது என்பது அனுப்பியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. "படம் தெளிவாக இல்லை, மீண்டும் ஒரு ஸ்கேன் எடுங்கள்" என்ற பதில் வந்தால், செலவும் அலைச்சலும் நோயாளிக்கே. சி.டி. ஸ்கேனாக இருந்தால், தவிர்த்திருக்கக்கூடிய கதிர்வீச்சும் கூடவே சேரும். ஆகவே, மருத்துவப் படங்கள் எவ்வாறு சுருக்கப்படுகின்றன, முக்கியமான பகுதியைக் கெடுக்காமல் சுருக்க இயலுமா, நாம் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை எவை என்பவற்றை இந்த இதழில் படிப்படியாகக் கற்போம். இதற்குக் கணினி அறிவு தேவையில்லை. கூட்டலும் பெருக்கலும் போதும்.

ஒரு படத்தின் எடை

எண்ணியல் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அது அந்தப் புள்ளியின் வெளிச்சத்தையோ நிறத்தையோ குறிக்கும். கைப்பேசியில் எடுக்கும் படம் 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டது எனக் கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் வேண்டும். எண்ணுக்கு ஒரு பைட் என்றால் 36 மெகாபைட். ஆனால் கைப்பேசியில் அந்தக் கோப்பு மூன்று நான்கு மெகாபைட் அளவிலேயே இருக்கக் காண்கிறோம். படம் பிடித்த அக்கணமே அது பத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

மருத்துவப் படங்களின் கணக்கு வேறு. சி.டி. ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் பொதுவாக 512 × 512 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் அரை மெகாபைட். பார்க்கச் சிறியதுதான், ஆயினும் ஒரே பரிசோதனையில் இத்தகைய படங்கள் ஆயிரம்கூட இருக்கலாம். அப்போது 500 மெகாபைட் ஆகிறது. குறுந்தகட்டின் கொள்ளளவு 700 மெகாபைட் மட்டுமே என்பதை நினைவுகூர்ந்தால் இதன் பளு விளங்கும்.

திசுப் பரிசோதனை இன்னும் பெரிது. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவை, கால் மைக்ரானுக்கு ஒரு புள்ளி வீதம் கணினியில் பதிவு செய்தால், பக்கத்துக்கு 60,000 புள்ளிகள் வரும். மொத்தம் 360 கோடி புள்ளிகள்; நிறத்தோடு சேர்த்தால் 10 கிகாபைட்டுக்கும் மேல். ஒரு நோயாளியின் ஒரு தகட்டுக்கே இவ்வளவு. சுருக்காமல் சேமிக்கவோ வேறு ஊருக்கு அனுப்பவோ இயலாது என்பது இதனால் புலப்படும்.

மடிப்பது ஒன்று, கத்தரிப்பது ஒன்று

ஆறு கெஜப் புடவையைச் சிறு அலமாரியில் வைக்க வேண்டுமென்றால் மடித்து வைக்கிறோம். எடுத்து விரித்தால் ஓர் இழையும் குறையாமல் பழைய புடவையே கிடைக்கும். படத்தையும் இவ்வாறு மடிக்கலாம். எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் நூறு புள்ளிகள் தொடர்ந்து கருமையாக இருந்தால், 'கருமை' என்று நூறுமுறை எழுதுவதற்குப் பதிலாக 'கருமை, 100' என்று ஒருமுறை எழுதினால் போதும். அடுத்தடுத்த புள்ளிகள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்தால், முழு எண்ணை எழுதாமல் முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதலாம். இதற்கு இழப்பற்ற சுருக்கம் என்று பெயர். திறக்கும்போது ஒவ்வோர் எண்ணும் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவப் படங்கள் இம்முறையில் பொதுவாக இரண்டில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்கே சுருங்கும்.

இன்னொரு வழி, புடவையின் ஓரங்களைக் கத்தரித்து வைப்பது. இடம் மிகவும் மிச்சமாகும். கத்தரித்தது திரும்ப வராது. இது இழப்புள்ள சுருக்கம். பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். எதைக் கத்தரிக்கிறோம் என்பதே இங்கு கேள்வி.

நாள்தோறும் நாம் காணும் ஜேபெக் படங்கள் இவ்வகையினவே. 1992-இல் உலகத் தரமாக வெளிவந்த இம்முறையின் அடிப்படைக் கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் வெளிச்சம் எவ்வளவு, சட்டென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடுகிறது. மெல்ல மாறுவதை நம் கண் நன்றாக உணரும். நுண்ணிய மாற்றங்களை அவ்வளவாக உணராது. எனவே நுணுக்கத்துக்குரிய எண்களைத் தோராயமாக்கிவிடுகிறது. பலவற்றைச் சுழியாக்கியும் விடுகிறது.

திருமணப் படத்தில் இதனால் குறையொன்றும் தோன்றாது. சிரித்த முகம் சிரித்த முகமாகவே இருக்கும். மருத்துவப் படத்திலோ பல வேளைகளில் அந்த நுணுக்கமே நோயின் அடையாளம். எலும்பில் மயிரிழை போன்ற விரிசல், நுரையீரல் சுருங்கியிருப்பதைக் காட்டும் மெல்லிய வெண்கோடு, மார்பகப் படத்தில் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் ஆகியவை யாவும் 'சட்டென்று மாறும் நுணுக்கம்' என்ற பட்டியலிலேயே அடங்கும். கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் நோயறிய உதவுவதும் வெவ்வேறு என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

கண் கற்றுத்தரும் பாடம்

எல்லாவற்றையும் காக்கவும் இயலாது, எல்லாவற்றையும் இழக்கவும் கூடாது என்றால் என்ன வழி? முக்கியமான இடத்தை முழுமையாகக் காத்து, மற்ற இடங்களை மட்டும் சுருக்குவது ஒரு வழி. இது மனிதர் புதிதாகக் கண்டதன்று. நம் கண்ணே இப்படித்தான் இயங்குகிறது.

கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலத்துக்குள் அடங்கும் சிறு பரப்பையே கண் ஒரு நேரத்தில் முழுக் கூர்மையோடு காண்கிறது. விரலைப் பார்த்தபடியே பக்கத்தில் இருக்கும் செய்தித்தாளின் எழுத்துகளைப் படிக்க முயன்றால் முடியாது. விழித்திரையின் நடுவில் கூர்மையும் ஓரங்களில் தோராயமுமாகவே காட்சி பதிகிறது. விழித்திரையில் ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்கள் இருக்க, மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இருப்பவை ஏறத்தாழ 10 லட்சம் இழைகளே. இத்தனை சுருக்கத்திலும் நாம் குறை உணராததற்குக் காரணம், வேண்டிய இடத்துக்குக் கண்ணை உடனே திருப்பிக்கொள்ள இயல்வதுதான். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நம் ஊரில் ஒரு காலத்தில் தந்தி இருந்தது. 2013 ஜூலையில்தான் அச்சேவை நிறுத்தப்பட்டது. சொல்லுக்குக் காசு என்பதால், 'அம்மா கவலைக்கிடம் உடனே புறப்படு' என்று எழுதினார்களே தவிர, யார் யார் வந்து பார்த்தார்கள் என்று எழுதவில்லை. முக்கியமானதை முழுமையாகவும் முதலாவதாகவும் அனுப்புவது, எஞ்சியதைக் கடிதத்துக்கு விடுவது என்ற அதே நெறியே இப்போது நாம் பார்க்கப்போகும் முறைக்கும் அடிப்படை.

முக்கியப் பகுதியைக் காக்கும் முறை

ஜேபெக் 2000 என்ற புதிய தரம், பெயருக்கேற்ப 2000-ஆம் ஆண்டை ஒட்டி உருவானது. திரையரங்குகளில் நாம் காணும் எண்ணியல் திரைப்படங்களின் ஒவ்வொரு காட்சிச் சட்டமும் இம்முறையிலேயே சுருக்கப்படுகிறது. மருத்துவப் படங்களுக்கான உலகப் பொதுமொழியாகிய டைகாம் என்ற தரமும் இதை ஏற்றுக்கொண்டது. இது படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டுவதில்லை. முதலில் முழுப் படத்தின் பருமையான வடிவம், பிறகு அதைவிட நுண்ணியது, பிறகு இன்னும் நுண்ணியது என்று அடுக்கடுக்காகப் பிரித்து எழுதுகிறது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் முதன்மைப்படுத்தும் ஏற்பாடும் இதில் உண்டு.

அந்த ஏற்பாட்டை ரூபாய்க் கணக்கால் விளக்குவோம். கடை வரவு ரூ. 4,738 என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஆனால் இணைப்பு எப்போது துண்டிக்கப்படும் என்று தெரியாது. முதலில் ஆயிரத்தைச் சொல்வோம், பிறகு நூறு, பிறகு பத்து, கடைசியில் ஒன்று. நடுவில் துண்டித்தாலும் கேட்டவருக்கு 'நாலாயிரத்து எழுநூறு' என்றாவது தெரிந்திருக்கும். ஜேபெக் 2000 இவ்வாறே எண்களின் உயர்ந்த இடத்தை முதலிலும் தாழ்ந்த இடத்தைக் கடைசியிலும் அனுப்புகிறது.

இனி முக்கியப் பகுதிக்கு வருவோம். படத்தின் எண்கள் யாவும் நான்கு இலக்கத்துக்குள் அடங்குபவை என்று கொள்வோம். முக்கியப் பகுதியின் எண்களை மட்டும் 10,000-ஆல் பெருக்கிவிடுகிறோம். 4,738 என்பது 4,73,80,000 ஆகிவிடுகிறது. உயர்ந்த இடத்திலிருந்து அனுப்பத் தொடங்கினால், முக்கியப் பகுதியின் நான்கு இலக்கங்களும் முழுமையாகப் போய்ச் சேர்ந்த பின்னரே மற்றப் பகுதியின் முதல் இலக்கம் புறப்படும். பெறும் கணினிக்கும் குழப்பம் இல்லை: 10,000-க்குக் குறையாத எண் எதுவாயினும் அது முக்கியப் பகுதிக்கு உரியது, அதை 10,000-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். முக்கியப் பகுதியின் எல்லை எது, வடிவம் வட்டமா நீள்வட்டமா என்று தனியே எழுதி அனுப்பவும் தேவையில்லை. பதின்மக் கணக்குக்குப் பதிலாகக் கணினி இரும எண்களில் இதைச் செய்கிறது, கருத்து ஒன்றே.

இதனால் விளையும் ஆதாயத்தையும் கணக்கிடுவோம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் அளவு 2,000 × 2,500 புள்ளிகள் எனக் கொண்டால் 50 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் 10 மெகாபைட். முழுவதையும் இழப்பின்றி இரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினால் 4 மெகாபைட் வரும். அதற்கு மாறாக, பத்தில் ஒரு பங்கு பரப்பை மட்டும் இழப்பின்றிக் காத்தால் அதற்கு 0.4 மெகாபைட், மீதமுள்ள 9 மெகாபைட்டை முப்பதில் ஒரு பங்காக்கினால் 0.3 மெகாபைட். மொத்தம் 0.7 மெகாபைட்டில் வேலை முடிந்தது. இணைப்பு மெதுவாக உள்ள மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து நகரத்து மருத்துவருக்கு அவசரமாக ஒரு படம் போக வேண்டுமென்றால் இந்த வேறுபாடு சிறிதன்று. பாதியில் துண்டிக்கப்பட்டாலும் முக்கியப் பகுதி போய்ச் சேர்ந்திருக்கும்.

முக்கியம் எது என்று யார் சொல்வது?

இவ்வளவு நல்ல முறை இருக்கும்போது எல்லாப் படங்களையும் இப்படியே சுருக்கி வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்குதான் மருத்துவத்துக்கே உரிய ஒரு தடை குறுக்கிடுகிறது.

விழுந்து விலா எலும்பில் அடிபட்டவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அன்றைய கேள்வி விலா எலும்பு முறிந்ததா என்பது. ஆகவே முக்கியப் பகுதி விலா எலும்பு. ஆனால் அதே படத்தில் நுரையீரலின் மேல்நுனியில் யாரும் எதிர்பாராத சிறு முடிச்சு ஒன்று இருக்கலாம். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியும் சிறிது பதிவாகும். அங்கு ஏதேனும் தென்படலாம். கேட்ட கேள்விக்கு அப்பால் கிடைக்கும் இத்தகைய எதிர்பாராக் கண்டுபிடிப்புகள் கதிரியக்க மருத்துவத்தில் அரியன அல்ல. முக்கியமற்றது என்று கருதி ஓரத்தைத் தோராயமாக்கியிருந்தால், அந்த முடிச்சு மங்கலாகவோ தெரியாமலோ போயிருக்கும்.

காலமும் முக்கியத்துவத்தை மாற்றுகிறது. இன்று ஒரு முடிச்சு காணப்பட்டால் மருத்துவர் முதலில் கேட்பது, "பழைய படம் இருக்கிறதா?" என்பதே. மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அது அதே அளவில் இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். அன்று யாரும் பொருட்படுத்தாத ஓர் ஓரம் இன்று சிகிச்சையைத் தீர்மானிக்கும் சான்றாகிறது. கண்ணுக்கு வேண்டிய இடத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடியும் என்றோம். சுருக்கி வைத்த கோப்புக்கு அந்த ஆற்றல் இல்லை. கத்தரித்த இடத்தை எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இராது.

ஆகவே நாங்கள் பின்பற்றும் நெறி இது: அனுப்பும் நகல் சுருங்கலாம், சேமிக்கும் மூலம் சுருங்கலாகாது. முக்கியப் பகுதியை மட்டும் காக்கும் முறை, அவசரத்துக்கு அனுப்பும் நகலுக்கும் கற்பித்தலுக்கும் பொருந்தும். முழுப் படமும் இழப்பற்ற முறையில் சேமிப்பகத்தில் இருக்கும்வரை, நகலில் குறை தெரிந்தால் மூலத்தைத் திறந்து பார்க்கலாம்.

உலக நடைமுறையும் இந்த எச்சரிக்கையைக் காட்டுகிறது. கனடாவின் கதிரியக்க மருத்துவர் சங்கம் 2008-இல், எந்த வகைப் படத்தை, எந்த உடற்பகுதியை, எத்தனை பங்கு வரை இழப்போடு சுருக்கலாம் என்று வரையறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று அது சொல்லவில்லை. அமெரிக்காவில் மார்பக எக்ஸ்ரே படங்களை இழப்புள்ள முறையில் சுருக்கிச் சேமிப்பதை அரசின் நெறிமுறை ஏற்பதில்லை. டைகாம் கோப்பில் 'இப்படம் இழப்போடு சுருக்கப்பட்டதா?' என்பதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு. ஒருமுறை 'ஆம்' என்று எழுதப்பட்டால், பின்னர் அக்கோப்பை என்ன செய்தாலும் அதை 'இல்லை' என்று மாற்றக் கூடாது என்பது விதி. இழந்தது இழந்ததே என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

கைப்பேசிப் படம் எதை இழக்கிறது?

சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளியும் 4,096 சாயல்களில் ஒன்றை ஏற்கவல்லது. இந்த அளவீட்டுக்கு, சி.டி. கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதில் நீர் 0, காற்று −1,000. கெட்டியான எலும்பு 1,000-ஐயும் தாண்டும். திரையில் இத்தனை சாயல்களையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிரித்தறிய முடியாது. எனவே மருத்துவர் நுரையீரலுக்கு ஒரு வரம்பு, எலும்புக்கு ஒரு வரம்பு, மென்திசுவுக்கு ஒரு வரம்பு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். பிலிமில் அச்சாவது அவற்றுள் ஓரிரு வரம்புகள் மட்டுமே. அதுவும் தேர்ந்தெடுத்த சில குறுக்குவெட்டுகள் மட்டுமே.

அந்தப் பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியால் எடுக்கும்போது சாயல்கள் 256 ஆகக் குறைகின்றன. சன்னல் கம்பியும் கைவிரலும் நிழலாக விழுகின்றன. பிறகு கைப்பேசி சுருக்குகிறது. செய்திச் செயலி மேலும் சுருக்குகிறது. பெற்றவர் வேறொருவருக்கு அனுப்பவும், அவர் திரைப்பிடிப்பு எடுத்து இன்னொருவருக்கு அனுப்பவும் நேர்ந்தால், ஒவ்வொரு படியிலும் ஒரு கத்தரிப்பு நிகழக்கூடும். 'படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது' என்று மருத்துவர் சொல்வது தயக்கத்தாலன்று. அவர் கையில் வந்து சேர்ந்திருப்பது படத்தின் நிழல் என்பதால்தான்.

நீங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, குறுந்தகட்டையோ அதற்கு ஈடான மூலக் கோப்புகளையோ கேட்டு வாங்குங்கள். பிலிமோடும் அறிக்கையோடும் பத்திரப்படுத்துங்கள். குறுந்தகட்டில் கீறல் விழலாம் என்பதால், அதிலுள்ள கோப்புறை முழுவதையும் கணினியிலோ பென்டிரைவிலோ அப்படியே நகலெடுத்து வையுங்கள். கோப்புகளின் பெயர்கள் விளங்காதவையாக இருந்தாலும் மாற்ற வேண்டா. சில கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கவும் வேண்டா.

இரண்டாவது, வாட்ஸ்அப் வழியே படம் அனுப்ப நேர்ந்தால், 'புகைப்படம்' என்று அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். புகைப்படமாகப் போவது சுருக்கப்படும். ஆவணமாகப் போவது மாறாமல் போகும். மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புவதும் இவ்வாறே.

மூன்றாவது, பிலிமைப் படமெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால், பிலிம் பார்க்கும் வெளிச்சப் பலகையிலோ, வெண்திரை காட்டும் கணினியின் முன்போ வைத்து, ஃப்ளாஷ் இன்றி, நேர்எதிரே நின்று எடுங்கள். முழுப் பிலிம் ஒரு படம், மருத்துவர் சுட்டிய இடம் அருகிலிருந்து இன்னொரு படம் என இரண்டாக எடுங்கள். முக்கியப் பகுதியைக் காக்கும் முறையை நம் கையாலேயே செய்வது இது: முழுமைக்கு ஒன்று, நுணுக்கத்துக்கு ஒன்று.

நான்காவது, ஓரங்களை வெட்டாதீர்கள். பிலிமின் மூலையில் நோயாளியின் பெயர், வயது, தேதி, இடமா வலமா என்ற குறி, அளவுகோல் ஆகியவை உள்ளன. படத்தில் உறுப்பு மட்டும் இருந்து இக்குறிப்புகள் இல்லையென்றால், அது யாருடையது, எப்போதையது, எந்தப் பக்கத்தது என்பவற்றுக்குச் சான்று இல்லை. இவையும் முக்கியப் பகுதியே. அதே காரணத்தால், சிகிச்சையோடு தொடர்பில்லாத குழுக்களில் இப்படத்தைப் பகிர்வதும் தகாது. நோயாளியின் பெயரும் நோயும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, புண், தடிப்பு, அறுவைத் தையல் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பும்போதும் இதே நெறி. சற்றுத் தொலைவிலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, பகல் வெளிச்சம், புண்ணைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அளவுகோல். அழகூட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள். தோலை வழுவழுப்பாக்கும் அந்த வசதி, மருத்துவர் பார்க்க வேண்டிய சிவப்பையும் தடிப்பையுமே முதலில் அழிக்கிறது.

ஆறாவது, மங்கிய படத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளை மருத்துவப் படங்களுக்குப் பயன்படுத்த வேண்டா. இழந்த நுணுக்கத்தை எந்தச் செயலியும் மீட்டுத் தருவதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. இல்லாத கோடு தோன்றலாம். இருந்த கோடு மறையலாம். மங்கலான படம் தன் மங்கலை ஒளிப்பதில்லை. ஊகித்து வரைந்த படமோ பார்ப்பவரை நம்பவைத்துவிடும்.

எழுத்தும் ஒரு படமே

அறிக்கைகளை நகலெடுக்கும்போதும் கவனம் தேவை. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், கட்டட வரைபடம் ஒன்றை நகலெடுத்தபோது அறைகளின் பரப்பளவு எண்கள் மாறியிருப்பதைக் கண்டார். பக்கம் மங்கவில்லை, எழுத்துகள் கூர்மையாகவே இருந்தன, எண்கள் மட்டும் வேறு. காரணம், அந்த இயந்திரம் கையாண்ட சுருக்க முறை. ஒன்றுபோல் தோன்றும் எழுத்துருக்களை ஒருமுறை மட்டும் சேமித்து, பிற இடங்களில் அதையே ஒட்டும் முறை அது. சிறிய எழுத்தில் 6-ஐயும் 8-ஐயும் ஒன்றென்று அது கருதிவிட்டது. பின்னர் அக்குறை திருத்தப்பட்டது. ஆயினும் பாடம் நமக்கு உரியது. மருந்தின் அளவிலோ இரத்தச் சர்க்கரை எண்ணிலோ 160 என்பது 180 ஆனால் விளைவு என்னவாகும்? அறிக்கையை ஸ்கேன் செய்தோ கைப்பேசியில் எடுத்தோ அனுப்பினால், முக்கிய எண்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இயன்றால் ஆய்வகத்திடமிருந்தே கோப்பாகப் பெறுங்கள்.

உங்கள் உரிமை

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரது அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனவே வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்க விரும்பினால், தயங்காமல் பதிவுகளைக் கேளுங்கள். "பிலிம் மட்டும் போதுமா, மூலக் கோப்பும் கிடைக்குமா?" என்று வினவுவது குறை கூறுவதாகாது. ஆண்டுகள் கடந்தபின் மருத்துவமனையில் பழைய படம் இல்லாமற்போகலாம். அப்போது உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள பிரதியே மிஞ்சும்.

மீள்நோக்கு

கற்றதை உறுதிப்படுத்திக்கொள்ளச் சில வினாக்கள். வீட்டில் உள்ள இளையோரையும் உடன் வைத்துக்கொண்டு விடை சொல்லிப் பாருங்கள்.

1. மடித்த புடவைக்கும் கத்தரித்த புடவைக்கும் உள்ள வேறுபாடு, படச் சுருக்கத்தில் எவற்றைக் குறிக்கிறது?

2. திருமணப் படத்துக்குத் தீங்கு செய்யாத சுருக்கம், மார்பக எக்ஸ்ரே படத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். ஏன்?

3. முக்கியப் பகுதியின் எண்களை 10,000-ஆல் பெருக்குவதால் அனுப்பும்போது என்ன நன்மை?

4. விலா எலும்பைக் காண எடுத்த படத்தில் நுரையீரல் பகுதியையும் ஏன் கெடாமல் வைக்க வேண்டும்?

5. உங்கள் வீட்டு நோயாளியின் கடைசி ஸ்கேனுக்குரிய மூலக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது?

முதல் நான்குக்கும் விடை இந்தப் பக்கங்களில் உள்ளது. ஐந்தாவதற்கு விடை உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும். இல்லையெனில், அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது படிமப் பிரிவில் கேளுங்கள். எடுத்துத் தரக் காத்திருக்கிறோம்.